காடு வெட்டியவர்கள்: ஆனையிறவுக்கு அப்பால் ஒரு குடியேற்ற வரலாறு

(யாழ்ப்பாணத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்திலே வரலாற்றுச் சொற்பொழிவு என்றால் அதற்கு ஒரு வழமையான சுற்றுப்பாதை உண்டு. நல்லூர் இராசதானி, ஒல்லாந்தர் கோட்டை, நாவலர், வட்டுக்கோட்டைச் செமினரி என்று போய் வருவோம். ஆனையிறவைத் தாண்டுகிறவர்கள் குறைவு. தாண்டினாலும் பண்டாரவன்னியனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். இன்றைக்கு நான் ஆனையிறவைத் தாண்டி, அரசரும் படையும் இல்லாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன். கத்தியும் கோடரியும் எடுத்துக்கொண்டு பரந்தனிலும் கிளிநொச்சியிலும் றெயிலால் இறங்கியவர்களின் கதை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டிலே குடாநாட்டிலிருந்து போய் வன்னியில் காடு வெட்டியவர்கள், தங்களை யாழ்ப்பாணத்தவர் என்று நினைத்துக்கொண்டுதான் போனார்கள். அங்கத்தைய காணிச் சட்டமும் குளத்து நீரின் ஒழுங்கும் இரண்டு தலைமுறைக்குள் அவர்களை வேறொரு சமூகமாக ஆக்கிவிட்டன. குடாநாட்டில் இருந்த நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. வன்னியை எங்கள் பின்வளவு என்றே இன்றைக்கும் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பதுதான் இந்தப் பேச்சின் நோக்கம்.

அதற்கு முன், தூரத்து நாடு ஒன்றின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல அனுமதி தாருங்கள்.

அல்ஸ்டரிலிருந்து அமெரிக்கக் காட்டுக்கு

அயர்லாந்தின் வடபகுதிக்கு அல்ஸ்டர் என்று பெயர். 1609ஆம் ஆண்டிலிருந்து ஆங்கில அரசு அங்கே கத்தோலிக்கரின் நிலங்களைப் பறித்து, ஸ்கொட்லாந்தின் தாழ்நிலத்தவரையும் ஆங்கிலேயரையும் குடியேற்றியது. ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பிரெஸ்பிட்டேரியன் சபையினர். நூறு வருடம் அங்கே இருந்து பார்த்தார்கள். குத்தகை ஏறியது. 1704இல் வந்த சட்டம் அரசின் அங்கிலிக்கன் திருச்சபையைச் சேராதவர்களை அரசாங்கப் பதவிகளுக்கு வெளியே நிறுத்தியது. மழை பொய்த்தது, லினன் நெசவு படுத்தது. 1718 அளவில் கப்பல் ஏறத் தொடங்கினார்கள். 1775க்கு முன் போனவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் என்பது பல ஆய்வாளர்களின் கணக்கு. அமெரிக்காவில் அவர்களுக்கு ஸ்கொட்ச்-ஐரிஷ் என்று பெயர் விழுந்தது.

கரையோரத்து நல்ல நிலங்களில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். ஆகவே இவர்கள் பென்சில்வேனியாவின் உட்புறத்துக்கும், அங்கிருந்து பெரிய வண்டிப்பாதை வழியாக வேர்ஜீனியா, கரோலினா மலையடிவாரங்களுக்கும் போனார்கள். பென்சில்வேனியாவின் காணி விவகாரங்களைப் பார்த்த ஜேம்ஸ் லோகன் தானே அல்ஸ்டரில் பிறந்தவர். பழங்குடிகளுக்கும் கரையோரத்துக்கும் நடுவே ஒரு வேலியாக இருப்பார்கள் என்று கருதி, தன் நாட்டவரை எல்லைப்புறத்தில் இருத்தியவரும் அவரே. பின்னர், கேட்டுக் கேள்வியில்லாமல் காணி பிடிக்கிறார்கள் என்று தலையில் கை வைத்தவரும் அவரே. கிறிஸ்தவன் உழைக்க நிலமில்லாமல் நிற்கையில் இவ்வளவு காடு சும்மா கிடப்பது கடவுளுக்கே அடுக்காது என்பது காணி பிடித்தவர்களின் வாதம்.

அவர்களுடைய அன்றாடத்தைப் பாருங்கள். பெருமரங்களை வெட்டி மாளாது. பட்டையை வளையமாகச் சீவிவிட்டால் மரம் நின்றபடியே பட்டுப்போகும். அந்தப் பட்ட மரங்களுக்கு இடையே சோளம் நட்டார்கள். சோளத்தைக் கற்றது பழங்குடிகளிடம். மரக்குற்றிகளை அடுக்கி வீடு கட்டுகிற வித்தை, அவர்களுக்கு முன் வந்திருந்த சுவீடன், பின்லாந்து நாட்டவர்களுடையது. கூரை ஏற்றுகிற நாளில் அயலெல்லாம் கூடும். உப்பும் இரும்பும் காட்டில் கிடையா; அறுவடை முடிந்ததும் தோல்களைப் பொதிக்குதிரைகளில் ஏற்றிக் கரையோரப் பக்கம் போய் உப்பு வாங்கி வந்தார்கள். தானியத்தை அப்படியே ஏற்றினால் கூலிக்குக் காணாது என்று விஸ்கியாக வடித்து ஏற்றினார்கள். 1791இல் புதிய அமெரிக்க அரசு அந்த விஸ்கிக்கு வரி போட்டது. 1794இல் மேற்குப் பென்சில்வேனியா கிளர்ந்தெழுந்தது. ஜனாதிபதி வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 படையினரை எழுப்பி அதை அடக்கினார்.

இந்தக் கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1763 டிசம்பரில் பக்ஸ்ரன் என்ற இடத்து ஆட்கள் படை திரட்டிச் சென்று, தங்களுக்கு ஒரு தீங்கும் செய்யாத கொனெஸ்ரோகாப் பழங்குடியினர் 20 பேரை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல், இரண்டு தடவையாகக் கொன்றார்கள். காடு வெட்டியவர்களைப் பற்றிப் பேசும்போது வீரக்கதை மட்டும் பேசக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதும்.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு நான் ஊருக்குத் திரும்புகிறேன். யார், எதனால் பெயர்ந்தார்கள்? வெட்டிய நிலம் எந்தக் காகிதத்தின் பேரில் அவர்களுடையதானது? விட்டு வந்த கரையோடு அவர்களுக்குப் பிறகு என்ன உறவு?

குடாநாட்டின் மூன்று வாசல்கள்

குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிற நிலம். ஆறு என்று சொல்ல, மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்று. மற்றதெல்லாம் கிணறு. அந்தக் கிணற்றை நம்பிப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வைத்து, ஒரு சாண் நிலத்தையும் சும்மா விடாமல் தோட்டம் செய்தது எங்கள் சனம். ஆனால் நிலம் பெருகவில்லை, குடும்பம் பெருகியது. நான்கு பெண்பிள்ளைகள் இருந்தால் தகப்பனுடைய காணி நான்கு சீதனமாகப் பிரியும். பேரப்பிள்ளைகள் காலத்தில் இன்னும் பிரியும். பழைய உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். இத்தனை பரப்பு, அதற்குக் கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை, பனையில் இத்தனை என்று வரும். அந்தப் பின்னங்களிலேயே குடாநாட்டின் நெருக்கடி எழுதப்பட்டிருக்கிறது.

நெருக்கடிக்கு முதலில் திறந்த வாசல் மலாயா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலீஷ் படித்த பொடியன்கள் கிளாக்கர்களாகவும் றெயில்வே உத்தியோகத்தர்களாகவும் அங்கே போனார்கள். அடுத்த வாசல் கொழும்பு, அரசாங்க உத்தியோகம். மூன்றாவது வாசல்தான் வன்னி. இந்த வரிசை முக்கியம். மலாயா வாசல் 1930களின் பொருளாதார மந்தத்தோடு ஒடுங்கியது. கொழும்பு வாசல் 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தோடு ஒடுங்கியது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் பல்கலைக்கழகக் கதவையும் ஒருக்களித்தது. ஒவ்வொரு தடவை கதவு சாத்தப்பட்டபோதும் வன்னிக்குப் போகிறவர்களின் தொகை கூடியது. ஆக, பெரும்பாலும் வேறு வழி அடைபட்டவர்களின் பிள்ளைகள்தான் வன்னிக்குப் போனார்கள். உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கொடுத்த மதிப்பைக் கமக்கார மாப்பிள்ளைக்குக் கொடுக்காத சமூகம் இது. அந்த மனக்குறையையும் சேர்த்துத்தான் அவர்கள் காட்டுக்குக் கொண்டு போனார்கள்.

குளமும் காய்ச்சலும்

வன்னி வெறுங்காடாகக் கிடக்கவில்லை. சிறு குளங்களைச் சுற்றி, மாடு வளர்த்து, ஒரு போகம் நெல் விதைத்து வாழ்ந்த பழைய ஊர்கள் அங்கே இருந்தன. வற்றாப்பளைக் கண்ணகிக்கும் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் பொங்கல் வைத்தவர்கள் அவர்கள். குடாநாட்டிலிருந்து போனவர்களுக்கு எந்த மரம் கோடரிக்கு மசியும், எந்த மோட்டையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், யானை எந்தத் தடத்தால் வரும் என்று சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். சொல்லிக் கொடுத்தவர்களை ‘வன்னியார்’ என்று ஒரு படி கீழே வைத்துப் பேசுகிற வழக்கம் எங்களிடம் இருந்தது. பக்ஸ்ரனில் நடந்தது வன்னியில் நடக்கவில்லை. ஆனாலும் பழைய ஊராருடைய மேய்ச்சல் தரையும் வேட்டைக்காடும் புதிய வரைபடங்களில் ‘அரச காடு’ என்ற ஒரே நிறத்துக்குள் போய்விட்டன என்பதை மறக்கக் கூடாது.

பெருங்குடியேற்றத்துக்கு வழி திறந்தது இரணைமடுக் குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920 அளவில் நிறைவேறியது. இதற்கிடையே 1905இல் வடக்குப் பாதை முழுதாக இணைந்து, கொழும்பு றெயில் வன்னிக் காட்டை ஊடறுத்து ஓடத் தொடங்கியது. குளமும் றெயிலும் இருந்தன. ஆட்கள் போகத் தயங்கினார்கள். காரணம் காய்ச்சல். மலேரியா குடாநாட்டை விட வன்னியில் பல மடங்கு கொடியது. ‘வன்னிக்குப் போய்க் காய்ச்சலோடு வந்தான்’ என்பது ஒவ்வொரு ஊரிலும் கேட்ட பேச்சு. மண்ணெண்ணெய்ப் போத்தலோடு கொயினாக் குளிசையும் கமக்காரனின் மூட்டையில் இருந்தது.

1935இல் காணி அபிவிருத்திச் சட்டம் வந்தது. டி. எஸ். சேனநாயக்க அப்போது விவசாய, காணி அமைச்சர். 1936இல் கிளிநொச்சி ஒரு குடியேற்ற நகராக அமைந்தது. யப்பான் 1942இல் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. கூப்பனுக்கு அரிசி வாங்கிய யாழ்ப்பாணத்தான் முதல் தடவையாக நெற்காணியின் அருமையை உணர்ந்தான். உலகப் போர் முடிந்த கையோடு டி.டி.ரி. தெளிப்பு காய்ச்சலை அடக்கியது. இவை எல்லாம் சேர்ந்த பிறகுதான் வன்னி நிரம்பத் தொடங்கியது. பின்னர் 1950களிலும் 1970களிலும் இரணைமடு அணையை உயர்த்தினார்கள். இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களின் வழியே உருத்திரபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டை என்று குடியிருப்புகள் நீண்டன. இன்றைக்கும் உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் ஆட்கள் தங்கள் இடத்தைச் சொல்வார்கள். குடாநாட்டில் கோயிலையோ சந்தியையோ வைத்து இடம் சொல்லுகிற நாங்கள், அங்கே தண்ணீர் வருகிற வரிசையை வைத்துச் சொல்கிறோம்.

காட்டில் ஒரு வருடம்

ஆனி ஆடியில் முதலில் கீழ்க்காடு வெட்டுவார்கள். பிறகு பெருமரம். பாலையும் முதிரையும் வீரையும் கோடரியின் வாயை மழுக்கிவிடும். வெட்டியது காய்ந்த பிறகு ஆவணியில் நெருப்பு. எரியாத கட்டைகளை இழுத்துக் குவித்து, இன்னொரு தரம் கொளுத்தி, மிஞ்சிய கொப்புகளை நிரைத்து அலம்பல் வேலி. ஐப்பசி மழைக்கு முன் இவ்வளவும் முடிய வேண்டும். முடியாதவனுக்கு அந்த வருடம் இல்லை. முதல் வருடம் மேட்டில் குரக்கன், சோளம், பயறு, எள்ளு. வயல் திருத்தி வரம்பு கட்டப் பிறகு சில வருடம் செல்லும். அரசாங்கமே காடு வெட்டி, வீடும் கட்டிக் கொடுத்த திட்டங்கள் பிந்தியவை.

தங்குமிடம் ஒரு வாடி. நான்கு கப்பு, வரிச்சு, மண் அப்பிய சுவர். குடாநாட்டுக்காரர் முதலில் ஊரிலிருந்து கிடுகு கொண்டு போனார்கள். பிறகு வன்னியாரைப் பார்த்து இலுக்கும் வைக்கோலும் வேயப் பழகினார்கள். நெல் பால் பிடிக்கிற காலம் இரவிலே நித்திரை இல்லை. பன்றி வரப்பால் வரும். யானை வேலியோடு வரும். வயல் நடுவே காவற்கொட்டில், அரிக்கன் லாம்பு, தட்டுவதற்கு ஒரு தகரம், கொளுத்திப் போட யானைவெடி. ஒரு கொட்டிலில் தகரம் கேட்டால் அடுத்த கொட்டிலிலும் தட்ட வேண்டும். இல்லையென்றால் இந்த வயலில் கலைத்த யானை அந்த வயலில் போய் நிற்கும். தண்ணீருக்கு அடுத்தபடி வன்னியில் அயலை அயலோடு கட்டிவைத்தது இந்தக் காவல்தான். வேலிச் சண்டைக்குப் பேர்போன எங்கள் ஆட்கள் அங்கே அடுத்தவன் வேலியைக் காத்தார்கள், அடுத்தவன் வேலி விழுந்தால் தன் வயலும் போகும் என்பதால்.

ஸ்கொட்ச்-ஐரிஷ்காரர் உப்புக்குப் போனது போல இவர்களுக்கும் ஒரு போக்குவரத்து இருந்தது. ஊரிலிருந்து தேங்காய், ஒடியல், புழுக்கொடியல், கருவாடு, சுருட்டு போகும். அங்கிருந்து நெல், தேன், மான் வத்தல், முட்டியில் தயிர், முதிரைப் பலகை வரும். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின் இந்தப் போக்குவரத்து இன்னும் இலகுவாயிற்று. குடாநாட்டின் எத்தனையோ கல்வீடுகளின் கதவும் நிலையும் வன்னி முதிரை.

ஆரம்பத்தில் இது ஆண்களின் ஊர். மனைவியும் பிள்ளைகளும் இங்கே. விதைப்புக்கும் அறுவடைக்கும் அவர் அங்கே. திருவிழா, கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு என்று நன்மை தின்மை எல்லாம் இங்கே நடந்தன. காடு வெட்டிய அன்றைக்கு அங்கே ஊர் உண்டாகவில்லை. பள்ளிக்கூடம் வந்து, பெண்கள் போய், அங்கத்தையப் பெண்ணுக்கு அங்கத்தையப் பொடியனைப் பேசி முடித்து, செத்தவரை அங்கேயே எரித்தபோதுதான் அது ஊர் ஆனது. அந்த மாற்றத்துக்குச் சில இடங்களில் இருபது வருடம் செல்ல, சில இடங்களில் ஒரு தலைமுறை முழுவதும் சென்றது.

வன்னிக் கமத்தின் பொற்காலம் 1970 முதல் 1977 வரை. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவது மட்டுப்படுத்தப்பட, விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் இளைஞர் திட்டங்களில் இறங்கிய பொடியன்கள் செத்தல் மிளகாய்ச் சாக்குகளை லொறி லொறியாக ஏற்றினார்கள். நீரை இயந்திரத்தால் மேட்டுக்கு ஏற்றி, யாழ்ப்பாணத்துத் தோட்டக் கைப்பழக்கத்தை வன்னி மண்ணில் காட்டிய காலம் அது. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டது. செத்தலின் விலை விழுந்தது. விஸ்கி வரியைப் போலவே, தலைநகரில் எடுத்த ஒரு முடிவு எல்லைப்புறத்துக் குடும்பங்களின் வருமானத்தை ஒரே மூச்சில் அறுத்துவிட்டது.

உறுதியும் பெர்மிட்டும்

என் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஸ்கொட்ச்-ஐரிஷ்காரரில் பலர் முதலில் காணியைப் பிடித்தார்கள். காகிதத்தைப் பிறகு பார்த்தார்கள். குடாநாட்டிலிருந்து போனவர்களுக்கோ முதலில் காகிதம். அதன் பெயர் பெர்மிட். அது கிடைத்த இடம் காணிக் கச்சேரி.

காணிக் கச்சேரி என்பது ஒரு நாடகம். உத்தியோகத்தர் மேசை போட்டு இருப்பார். விண்ணப்பித்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். எத்தனை பிள்ளை, சொந்தக் காணி எவ்வளவு, கமம் தெரியுமா என்று கேள்வி. காணியில்லாதவனுக்கும் பிள்ளைகள் கூடியவனுக்கும் முன்னிடம். கை மிருதுவாக இருந்தவன் கையை மறைத்துக்கொண்டு நின்றிருப்பான். சீதனக் காணி உள்ளவன் அதைச் சொல்லாமல் விட்டிருப்பான். அயலவன் எழும்பி ‘ஐயா, இவருக்குக் காணி இருக்குது’ என்றால் கதை முடிந்தது. தொடக்ககாலத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். 1950களில் அது 3உம் 2உமாகக் குறைந்தது. ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு. எனவே 8 ஏக்கர் என்றால் 128 பரப்பு. பரப்புக் கணக்கில் சீதனம் பேசிப் பழகிய குடாநாட்டுத் தகப்பனுக்கு அது நம்பமுடியாத அளவு.

ஆனால் அந்த 128 பரப்பை அவர் பிரிக்க முடியாது. இங்கேதான் சட்டம் மனிதரை மாற்றத் தொடங்கியது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதிவித்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்குச் சட்டம், சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்து, பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் காணி போகிற வழியை வகுத்திருந்தது. பெர்மிட் காணி இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்கும். அனுமதி இல்லாமல் விற்க முடியாது, ஈடுவைக்க முடியாது. பெர்மிட்காரர் ஒருவரைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்க வேண்டும். காணி துண்டுபடாமல் அவருக்குப் போகும். குறிக்காமல் இறந்தால், சட்டத்தின் அட்டவணைப்படி ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை இருந்தது. அந்த முன்னுரிமையை எடுக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது.

இதன் விளைவை ஒரு குடும்பத்தின் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். குடாநாட்டிலே மாப்பிள்ளை பெண்ணின் காணிக்கு வருவார், வீடு பெண்ணுடையது. வன்னியிலே காணி பெரும்பாலும் மூத்தவனின் பெயரில் நின்றது. மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. எனவே எழுதாமல் பிரித்தார்கள். ‘இந்த வாய்க்காலிலிருந்து அந்தப் பாலை மட்டும் தங்கச்சிக்கு’ என்று வாயால் சீதனம் கொடுத்தார்கள். சகோதரர் ஒற்றுமையாக இருக்கும் மட்டும் அது செல்லும். போரும் இடப்பெயர்வும் வந்து, சாட்சி சொல்ல வேண்டியவர்கள் செத்தும் சிதறியும் போன பிறகு, ஒரே காணிக்குப் பல பேர் உரிமை கேட்டு நிற்கிறார்கள். கிளிநொச்சியின் இன்றைய காணிப் பிணக்குகளில் ஒரு பகுதி, ஒரே வளவுக்குள் தேசவழமையும் 1935ஆம் ஆண்டுச் சட்டமும் முட்டிக்கொண்டதன் மிச்சம்.

இரண்டாம் முறை பெயர்ந்தவர்கள்

இதுவரை நான் ஸ்கொட்ச்-ஐரிஷ்காரரோடு குடாநாட்டுக்காரரை ஒப்பிட்டு வந்தேன். உண்மையில் ஸ்கொட்ச்-ஐரிஷ்காரருக்குக் கிட்ட நிற்கிறவர்கள் வேறு ஆட்கள். ஒரு தரம் பெயர்ந்து, அங்கே வேர் விடாமலே மறுபடி பெயர்ந்து, கையில் காகிதம் இல்லாமல் காட்டுக்குள் போனவர்கள் மலையகத் தமிழர்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்ப்போம் என்று. 1958இலும் 1977இலும் நடந்த கலவரங்களும், 1970களின் நடுவில் தோட்டங்களில் தலைவிரித்த பட்டினியும் அவர்களை வன்னிக்குத் தள்ளின. குடியுரிமை இல்லாதவர் பெயர் காணிக் கச்சேரியில் எடுபடாது. ஆகவே றோட்டோரத்திலும் காட்டு விளிம்பிலும் தாங்களே வெட்டிக் குடியிருந்தார்கள். மற்ற நாட்களில் பெர்மிட்காரரின் வயலில் கூலிக்கு நின்றார்கள். பாரதிபுரமும் மலையாளபுரமும் அப்படி எழுந்த ஊர்கள். வவுனியாவை மையமாக வைத்து, கட்டடக் கலைஞர் டேவிட்டும் டொக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களில் பலருக்குக் கைகொடுத்தது.

1970களின் மிளகாய்ப் பொற்காலத்தைப் பற்றிச் சற்று முன் பெருமையாகச் சொன்னேன். அந்த மிளகாயை ஆய்ந்து, காயப்போட்டு, சாக்கில் அடைத்த கைகளில் பெரும்பகுதி மலையகப் பெண்களுடையது. வன்னியை வளமாக்கிய யாழ்ப்பாணத்தான் என்ற கதையில் அவர்களுக்கு ஒரு வசனம்கூடக் கிடைப்பதில்லை. குடியேற்றவாசி என்ற மரியாதைச் சொல் பெர்மிட் உள்ளவனுக்கு. இவர்களுக்கு ‘அத்துமீறிக் குடியிருப்பவர்’. காடு வெட்டின கோடரி இரண்டுக்கும் ஒன்றுதான். சாதியைப் பற்றியும் இதே இடத்தில் சொல்ல வேண்டும். குடாநாட்டில் காணியே எழுதப்படாத குடும்பங்கள் சில, வன்னியில் முதல் தடவையாகத் தங்கள் பெயரில் ஒரு காகிதம் பெற்றன. அது சிறிய விடயம் இல்லை. அதே வன்னியில் குடியிருப்புகள் ஊர் ஊராகவும் சாதி சாதியாகவும் பிரிந்து நின்றதும் உண்மை.

இரணைமடுத் தண்ணீர்

மூன்றாவது கேள்வி, கரையோடு உள்ள உறவு. 1960 மார்ச்சுத் தேர்தலில் கிளிநொச்சி தனித் தொகுதியாயிற்று. 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தது; அடுத்த வருடம் ஆயிரமாயிரம் குடும்பங்கள் கிளாலி கடந்து வன்னிக்குள் போயின. அப்போது குடாநாட்டுக்குச் சோறும் இருக்க இடமும் கொடுத்தது, நாங்கள் பின்வளவு என்று எண்ணிய அதே இடம். 2009இல் வன்னி முழுவதும் பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தது. இந்த இரண்டு அனுபவங்களும் ஒன்றல்ல. குடாநாட்டுக்காரர் பலர் 1996இல் வீடு திரும்பத் தொடங்கினார்கள். வன்னிக்காரர் கடைசிவரை அங்கே நின்றார்கள். யார் யாழ்ப்பாணத்தவர், யார் வன்னியார் என்ற கோடு அந்தப் பதின்மூன்று வருடத்தில் ஆழமாகியது.

அந்தக் கோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது தண்ணீர் விடயத்தில். போருக்குப் பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இரணைமடுவிலிருந்து குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் வந்தது. குடாநாட்டின் கிணறுகள் உவர்ப்பாலும் உரத்தாலும் கெட்டுவந்த காலம், தேவை உண்மையானது. கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தார்கள். இங்கே பலருக்கு அது அதிர்ச்சி. எங்கள் ஆட்கள், எங்கள் குளம், குடிக்கத் தண்ணீர் தரமாட்டார்களாமே என்றார்கள்.

அவர்களுடைய மறுப்பை விளங்க, இரணைமடுவில் சிறுபோகம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். காலபோகம் மழையோடு போய்விடும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கிற தண்ணீர்தான். அது எல்லா வயலுக்கும் காணாது. எனவே ஒவ்வொரு வருடமும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, குளத்தில் இத்தனை அடி நிற்கிறது, இத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஒருவருக்கு இத்தனை பங்கு என்று முடிவு செய்வார்கள். ஐந்து ஏக்கர் உள்ளவனும் அந்த வருடம் தன் பங்குக்கு வந்ததைத்தான் விதைப்பான். துருசு திறக்கிற நாள், பூட்டுகிற நாள் எல்லாம் கூட்டத்தில் எழுதப்படும். கிணற்றடியில் தன் முறைக்குத் தன் தண்ணீரை இறைத்துப் பழகிய குடாநாட்டுக்காரனின் பேரன், குளத்து அடிக் கணக்கை நூறு பேரோடு இருந்து பங்கிடுகிறவனாக மாறியிருக்கிறான். ஓர் அடி தண்ணீர் என்றால் எத்தனை குடும்பத்தின் சிறுபோகம் என்று அவனுக்குத் தெரியும். எங்களுக்கு அது ஒரு குழாய்த் திட்டம்.

கடைசியில் அந்தத் திட்டத்தின் அந்தப் பகுதி கைவிடப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து, 2024இல் திறக்கப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பெரும்பாலும் ஒரே பரம்பரையில் வந்தவர்கள், ஒரே குளத்தை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். அன்றைய அமெரிக்கத் தலைநகரான பிலடெல்பியாவுக்கும் மேற்குப் பென்சில்வேனியாவுக்கும் நடுவே வந்த பிணக்கின் உறவுமுறைதான் இது. எல்லைப்புறத்துக்கு ஆட்களை அனுப்பியவர்கள், அது தங்கள் கையின் நீட்சி என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். போனவர்கள் எப்போதோ தனிக்குடித்தனம் போயிருப்பார்கள்.

செய்ய வேண்டியவை

இந்த வரலாற்றை எழுதுவதற்கான மூலங்கள் வேகமாக அழிகின்றன. கச்சேரிக் கோப்புகள் போரில் போயின. பல வீடுகளில் பெர்மிட்டே இல்லை. இருக்கிற வீடுகளில் மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, பொலித்தீனுக்குள் கிடக்கிறது. பயிர்ச்செய்கைக் கூட்டங்களின் பதிவுகள், கமக்காரர் அமைப்புகளின் கணக்குக் கொப்பிகள், பள்ளிக்கூடங்களின் முதல் சேர்வு இடாப்புகள், இவற்றைப் படமெடுத்து வைக்கப் பெரிய செலவில்லை. கோடரி பிடித்த முதல் தலைமுறையில் மிகச் சிலரே இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளிடம், முக்கியமாகப் பெண்பிள்ளைகளிடம், எழுதப்படாத சீதனங்களின் கதை இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் கதையை யாரும் முறையாகக் கேட்டதே இல்லை என்று சொல்லலாம்.

இங்கே இருக்கிற மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த வருடம் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவைக் கிளிநொச்சியிலே வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் போய்ப் பேசவும் வேண்டாம். பாரதிபுரத்திலிருந்து, வட்டக்கச்சியிலிருந்து, பத்தாம் வாய்க்காலிலிருந்து ஒருவர் பேசட்டும். நாங்கள் றெயில் ஏறிப் போய் முன்வரிசையில் இருந்து கேட்போம். அதற்குப் பிறகு இரணைமடுவைப் பற்றி அவர்களோடு பேசினால், அந்தப் பேச்சு முதல் தடவையாகச் சமமான இரண்டு ஊர்களுக்கு நடுவே நடக்கும்.